சுரதாளக் குறிப்பை வாசிக்கும் முறை

திருப்பாவையைச் சந்நிதியில் கேட்டு உருகிய அன்பர் பலர், சுரதாளக் குறிப்பு நூலொன்றை வாங்கி இல்லத்தில் விரித்ததும் திகைத்துவிடுகின்றனர். எழுத்துத் தெரிகிறது, காலம் தெரிவதில்லை.

அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) மெட்டமைத்தவாறு முதற் பாசுரம் நாட்டை இராகம், ஆதி தாளம். அத்தாளத்தின் குறி ஒரு நிமிர்கோடும் இரு வட்டங்களும் ஆகும். கோடு லகு, அதனருகிலுள்ள 4 என்னும் எண், ஒரு தட்டும் மூன்று விரலெண்ணிக்கையும் எனப் பொருள்படும். வட்டம் திருதம், ஒரு தட்டு, ஒரு வீச்சு. ஆக எட்டு அட்சரங்கள். சுரவரிகளுக்கிடையே வரும் கோடு லகு அன்று, அங்கத்தின் எல்லை. இரட்டைக் கோடு ஆவர்த்தனத்தின் முடிவு.

முதற் காலத்தில் ‘ஸ’ ஓரட்சரம், ‘ஸா’ இரண்டு. காற்புள்ளி ஒன்று, அரைப்புள்ளி இரண்டு. பலரும் இடறுமிடம் இதுவே. உரைநடையிற் பழகிய கண் காற்புள்ளியைக் கண்டதும் மூச்சை நிறுத்தச் செய்கிறது. அஃது ஓய்வன்று, முன்வந்த சுரத்தின் நீட்சி. ‘ஸா ;’ எனின் அந்த ஸட்ஜமே நான்கட்சரம் ஒலித்தல் வேண்டும். நிறுத்தினாலோ பாசுரச் சொல் நடுவே முறிந்து பொருளும் சிதையும்!

சுரங்களின் மேலே படுக்கைக் கோடு ஒன்றிருப்பின் காலம் பாதி, இரண்டிருப்பின் கால். தலைமேற் புள்ளி தாரஸ்தாயியைக் குறிப்பது. காலத்திற்கு அதனோடு தொடர்பில்லை.

கமகத்தைப் பெரும்பாலான நூல்கள் காட்டுவதில்லை. அதனை ஆசிரியர் வாயிலாகவே பெறுதல் வேண்டும். நூலைத் திறக்குமுன் கை பிசகாது எட்டு எண்ணப் பழகுவோர்க்கு மற்றவை எளிதில் வசமாகும்.