ஏற்ற வேலையைத் தேடுவது தலைக்கனமா?

2025 ஜூலை 11 அன்று, மராட்டியரின் ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. மீதமுள்ள ஒன்று நம் செஞ்சி. அந்தப் பெருமைக்கு மறுநாள் காலை, வேலை தேடும் பிள்ளைகளுக்குத் தமிழகமெங்கும் அரசுப் பணிக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு. 3,935 இடங்களுக்கு 13.89 லட்சம் பேர் விண்ணப்பித்திருந்தார்கள். ஓர் இடத்துக்கு 350 பேருக்கு மேல்.

இந்தக் கணக்கைப் பார்த்துப் பயந்துதான் செஞ்சிப் பக்கத்துப் பெற்றோர், "கெடச்சத புடிச்சிக்கோ, இது வேணும் அது வேணும்னு பாக்காத" என்கிறார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அதற்குப் பின்னாலுள்ள நம்பிக்கைகள் பிள்ளைகளின் நல்ல வருடங்களைத் தின்றுவிடுகின்றன.

நம்பிக்கை: குரூப் 4 எல்லாருக்கும் ஒரே போட்டி, எழுதிக்கொண்டே இருந்தால் ஒருநாள் கிடைக்கும்.

தேர்வு ஒன்று, வேலைகள் பல. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர், வனக்காவலர் என்று பட்டியல் நீள்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி மட்டும் போதும் என்ற இடங்களில்தான் கூட்டம் முண்டியடிக்கிறது. தட்டச்சர் பணிக்கு அரசுத் தட்டச்சுத் தேர்வுச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாதவர்கள் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. வனக்காவலருக்கு ஆண்கள் 25 கிலோமீட்டர், பெண்கள் 16 கிலோமீட்டர் தூரத்தை நான்கு மணி நேரத்துக்குள் நடந்து காட்ட வேண்டும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சிவரை மூச்சு வாங்காமல் ஏறி இறங்கும் பிள்ளை, மேசை வேலையை மட்டும் மனதில் வைத்துப் படிப்பது ஏன்? டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் முடித்த பெண், அந்தச் சான்றிதழைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டுப் பொதுக் கூட்டத்தோடு ஏன் மோத வேண்டும்? இன்னொன்று: முதல் பகுதியான தமிழில் 150க்கு 60 எடுக்காவிட்டால் இரண்டாம் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தமிழில் தடுமாறுகிறவர் முதலில் கைவைக்க வேண்டிய இடம் அதுதான்.

நம்பிக்கை: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டால் நேர்காணலுக்குக் கார்டு வரும்.

அந்தக் காலம் போய்விட்டது. அலுவலகப் பட்டியலோடு நிறுத்தாமல் விளம்பரமும் செய்து ஆளெடுக்க வேண்டும் என்று 1996லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது நல்லதே. அதைவிடப் பயனுள்ளது, மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் நடக்கும் இலவச வகுப்பு.

நம்பிக்கை: வேலைவாய்ப்பு முகாமில் எல்லா மேசையிலும் பயோடேட்டா கொடுத்தால் ஏதாவது ஒன்று மாட்டும்.

மாட்டும், நிலைக்காது. தனியார் வேலைவாய்ப்பு முகாமில் சிப்காட் தொழிற்சாலை மேசைக்கும் காப்பீட்டு விற்பனை மேசைக்கும் ஒரே தாளை நீட்டுகிறவர், "எங்ககிட்ட என்ன வேலைக்கு வந்தீங்க?" என்ற முதல் கேள்வியிலேயே திணறிவிடுகிறார். சம்பளத்தையும் ஒரே எண்ணாகப் பார்க்கிறார்கள். கடிதத்தில் மொத்தச் சம்பளம் 18,000 ரூபாய் என்றும் அதில் அடிப்படைச் சம்பளம் 12,000 என்றும் இருந்தால், 12 விழுக்காடு பி.எஃப். 1,440 ரூபாய் முதலிலேயே போகும். ஈ.எஸ்.ஐ. தனி. சென்னை என்றால் அறை வாடகையும் சாப்பாடும் சேரும். ரயில் நிலையம் இல்லாத செஞ்சியில், கம்பெனி பஸ் எந்த ஊர்வரை வரும், இரவு ஷிப்டு முடிந்தால் எங்கே இறக்கிவிடும் என்பதும் சம்பளத்தோடு சேர்ந்த கேள்விகளே. இவற்றைக் கேட்டுவிட்டு ஒரு வேலையை வேண்டாம் என்பது தலைக்கனம் ஆகாது.

நம்பிக்கை: நெருங்கிய சொந்தக்காரர் பெரிய இடத்தில் இருந்தால்தான் வேலை.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதைப் புரட்டிப்போட்டது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில், அந்த ஆளை அடிக்கடி சந்தித்தவர்கள் ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கும் ஆட்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி வெளி வட்டத்திலிருந்து வருகிறது. லிங்க்ட்இன் தளத்தில் இரண்டு கோடிப் பேரை வைத்து நடத்தி 2022இல் வெளியான ஆய்வும், அதிகம் நெருக்கமில்லாத அறிமுகங்களே கூடுதலாகக் கைகொடுக்கின்றன என்று காட்டியது. மாமா, சித்தப்பாவோடு நிறுத்திக்கொள்ளாமல், கல்லூரியில் இரண்டு செட் முன்னால் படித்தவர், அதே கம்பெனிக்குப் போய் மூன்று மாதத்தில் ஊர் திரும்பிய பையன் ஆகியோரிடமும் பேசலாம். ஓவர்டைம் காசு ஒழுங்காக வருமா, கேன்டீன் சாப்பாடு எப்படி, சூப்பர்வைசர் எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் எந்த அறிவிப்பிலும் இருக்காது, அவர்களுக்குத் தெரியும்.