இணையம் நின்றால் எங்கே தேடுவது?

மாணவர்களே, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், டிஎஸ்எல் தொலைபேசிக் கம்பி வழி வரும் இணையத்தை ஒரு மோடமும் சுவிட்சும் நான்கு கணினிகளுக்குப் பகிர்கின்றன. இடுபணியை இன்றே அனுப்பவேண்டும், இணையம் இல்லை. பழுது எங்கே?

அறிவியல் சோதனையைப் போல, ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றுங்கள்.

1. ஒரு கணினியில் மட்டும் சிக்கலா? அதன் கேபிளைச் சுவிட்சின் வேறு போர்ட்டில் செருகுங்கள். அப்போதும் விளக்கு எரியாவிட்டால் கேபிளை மாற்றுங்கள்.

2. எல்லாவற்றிலும் சிக்கலா? ஒரு கணினியை நேரே மோடத்தில் இணையுங்கள். இணையம் வந்தால், பழுது சுவிட்சிலோ அதை மோடத்தோடு இணைக்கும் கேபிளிலோ இருக்கிறது.

3. வரவில்லையா? மோடத்தின் டிஎஸ்எல் விளக்கைப் பாருங்கள். மின்னிக்கொண்டே இருந்தால், தொலைபேசிக் கம்பிவழி சமிக்ஞை சரியாகக் கிடைக்கவில்லை.

தொலைபேசியில் பேச முடிகிறதே என்பீர்கள். குரல் 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கும். ஏடிஎஸ்எல் இணையமோ சுமார் 25 முதல் 1,100 கிலோஹெர்ட்ஸ் வரை பயன்படுத்துகிறது. கம்பி நீள நீள, உயர் அதிர்வெண்களே அதிகம் தேய்கின்றன. நிலையத்திலிருந்து கம்பி 5 கிலோமீட்டரைத் தாண்டினால், பேச்சு தெளிவாகக் கேட்டாலும் இணையம் அறுந்துபோகலாம்.

இடி மின்னலின்போது மட்டும் கம்பிகளைத் தொடாதீர்கள். மழை ஓயட்டும், பிறகு தேடுங்கள்.