கார்ப் பந்தயத் தளத்தில் முதல் நாள்: பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

நம் சங்கத்து நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு மாலை என்னைத் தனியாக அழைத்துச் சென்றார். "அண்ணே, பையன் வேகமான கார் ஒன்று வாங்கியிருக்கிறான். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் நைஸ் ரோடுக்குப் போகிறான், ஒரு மணிக்குத்தான் வருகிறான். அவன் அம்மா அதுவரை கண்ணை மூடுவதில்லை. காரை விற்கச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார். சொந்தச் சம்பளத்தில் வாங்கிய காரை யார் சொல்லி யார் விற்பார்கள்? வேகம் பார்க்கத்தான் ஆசை என்றால் அதற்கென்று உள்ள தளத்துக்கு அனுப்புங்கள் என்றேன். என் யோசனை பாதி யோசனைதான் என்று பிறகு தெரிந்தது.

நம் இளைஞர்கள் 'டிராக் டே' என்று சொல்வது பந்தயம் அன்று. பரிசு இல்லை, முதலிடம் இல்லை. பந்தயத் தளத்தை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்து, கட்டணம் கட்டியவர்களைத் தம் சொந்தக் காரில் முறை வைத்து ஓட்ட விடுவார்கள். பொதுச் சாலையில் அனுமதியின்றி வேகப் போட்டி நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவுப்படி குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தளத்தில் அந்தப் பயம் இல்லை. எதிரே லாரி வராது, மாடு குறுக்கே வராது.

பெங்களூரில் சிறிய கோகார்ட் தளங்கள் உண்டு. சொந்தக் காரை ஓட்டிப் பழக நம்மவர்கள் பெரும்பாலும் போவது தமிழ்நாட்டுக்குத்தான். ஒன்று, சென்னை நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி இருக்கும் இருங்காட்டுக்கோட்டை. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையான சோழவரத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்திவிட்டு, பின்னர் அமைத்த தளம் இது. சுற்று 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். சோழவரத்துப் பந்தயத்தைப் பார்த்தவர்கள் நம் வாசகர்களிலும் இருப்பார்கள். மற்றொன்று கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி 800 என்ஜினை வைத்துப் பந்தயக் கார் செய்து, 1995-இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் பெயர் தாங்கியது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். இருங்காட்டுக்கோட்டையை விடச் சிறிய தளம். நேர்ப்பாதை குறைவு என்பதால் புதியவருக்கு அதுவே நல்லது என்பது என் எண்ணம்.

அந்தப் பையன் அவசரத்தில் கிடைத்த முதல் நாளுக்கே பணம் கட்டிவிட்டான். நடத்தியவர் யார், தளம் எது என்பது இங்கே வேண்டாம். காலையில் ஐந்து நிமிட அறிவுரை, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். பழகியவர்களையும் புதியவர்களையும் ஒரே கூட்டமாக உள்ளே விட்டார்கள். பின்னால் ஒருவர் விளக்கடித்து நெருக்க, இவனும் விடாமல் ஓட்டியிருக்கிறான். ஆறாவது சுற்றில் பிரேக்கை மிதித்தால் பெடல் தரை வரை போய்விட்டது. புல்வெளியில் நெடுந்தூரம் ஓடிக் கார் நின்றது. காயமில்லை. அன்று இரவு அவன் எனக்குத்தான் போன் செய்தான், அப்பாவுக்கு அல்ல.

காரணம் எளிது. வேகம் இரு மடங்கானால் ஓடும் காரின் ஆற்றல் நான்கு மடங்காகும். அத்தனையையும் வெப்பமாக்கித்தான் பிரேக் காரை நிறுத்துகிறது. ஊருக்குள் அந்த வெப்பம் ஆற நேரமிருக்கும். தளத்தில் நிமிடத்துக்குப் பலமுறை மிதிக்கிறோம். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி அழுந்தும், எண்ணெய் அழுந்தாது. பெடல் உள்ளே போவது அதனால்தான். இவன் காரில் மூன்று ஆண்டுகளாக எண்ணெய் மாற்றவே இல்லை. மாற்ற ஆகும் செலவு ஒரு நாள் பெட்ரோல் செலவைக்கூட எட்டாது.

ஆகவே அடுத்த முறை பணம் கட்டுமுன் இருவரும் உட்கார்ந்து நடத்துபவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதிக்கொண்டோம். முதல் முறை வருபவர்களுக்குத் தனிக் குழு உண்டா? பக்கத்தில் பயிற்சியாளர் உட்காருவாரா, எத்தனை சுற்றுக்கு? நேர்ப்பாதையில் மட்டும், முன்னால் செல்பவர் கை காட்டிய பிறகே முந்தலாம் என்ற விதி உண்டா? ஒரே நேரத்தில் எத்தனை கார்கள்? ஆம்புலன்சும் தீயணைப்பு ஆட்களும் நாள் முழுதும் நிற்பார்களா? ஒரு சுற்றுக்கு எத்தனை வினாடி என்று பலகையில் எழுதிப் போடுவார்களா? எழுதிப் போடுவோம் என்று பெருமையாகச் சொன்னால் புதியவர் அங்கே போக வேண்டாம். நேரத்தைப் பார்த்தால் டிராக் டே பந்தயமாகிவிடும். இருவரிடம் கேட்டோம், ஒருவர் கேள்விகளுக்கே எரிச்சல்பட்டார். மற்றவரிடம் பணம் கட்டினோம்.

இன்சூரன்ஸ் விஷயத்தைப் பெற்றோர் கட்டாயம் பார்க்க வேண்டும். நம் நாட்டின் சாதாரணத் தனியார் கார் பாலிசி, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றை விலக்கியே எழுதப்பட்டிருக்கிறது. தளத்தில் கார் உடைந்தால் செலவு நம்முடையது என்று நினைத்தே போக வேண்டும். கடன் தீராத காருக்கு இது சிறிய விஷயமல்ல.

கொடிகளை வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொள்ளலாம். மஞ்சள் ஆடினால் ஆபத்து, வேகம் குறைக்கவும், முந்தக் கூடாது. சிவப்பு என்றால் எல்லாம் நிறுத்தம். மெதுவாக பிட்டுக்குத் திரும்பவும். நீலம், பின்னால் வேகமான கார், வழி விடவும். கறுப்பு, உள்ளே வா என்று உமக்கான அழைப்பு. கட்டம் போட்ட கொடி முடிவு. உடைக்குப் பருத்தி நல்லது. தீயில் நைலான் உருகித் தோலோடு ஒட்டும். முகம் முழுதும் மூடும் ஹெல்மெட் வேண்டும். நடத்துபவர் எந்தத் தரம் கேட்கிறார் என்று முன்பே விசாரிக்கவும்.

இரண்டாவது முறை நண்பரும் நானும் கூடவே போனோம். பையன் முதல் சுற்றுகளைப் பயிற்சியாளரோடு மெதுவாக ஓட்டினான்: நேராக இருக்கும்போதே பிரேக், பிறகு வளைவின் வெளி ஓரத்திலிருந்து உள் ஓரம், மீண்டும் வெளி ஓரம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெளியே வந்து ஆற விட்டான். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெல்ல ஓட்ட வேண்டும். நிறுத்திய பின் சூடு தணியும்வரை ஹேண்ட்பிரேக் போடக் கூடாது, கியரில் விட்டுச் சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தால் போதும். நண்பர் காலை முழுதும் பிட் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றார். மதியம் சாப்பாட்டுக்குப் பின்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அன்று மாலையே பெங்களூர் திரும்ப வேண்டாம். உடம்பு களைத்திருக்கும், டயரும் பிரேக்கும் தேய்ந்திருக்கும். நாங்கள் இரவு தங்கி, காலை வெளிச்சத்தில் பிரேக் பேடையும் சக்கர நட்டுகளையும் பார்த்துவிட்டுப் புறப்பட்டோம். வழியில் ஸ்டியரிங்கை நண்பரிடம் கொடுத்துவிட்டுப் பையன் பின் சீட்டில் தூங்கிவிட்டான்.