சப்வூபரின் குரல் ஏன் மெலிந்தது?

நம் ஊர் வீடுகள் பலவற்றில் இன்று ஹோம் தியேட்டர் பெட்டி இருக்கிறது. சில வேளைகளில் பாடுகிறவரின் குரல் தெளிவாகக் கேட்கும். ஆனால் மேளத்தின் கனத்த ஒலி மட்டும் மெலிந்து போயிருக்கும். உடனே குமிழைக் கடைசி வரை திருப்புகிறோம். அதிலும் பயனில்லை என்றால், "சப்வூபர் போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்லி, பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றித் திருவண்ணாமலைக்குக் கொண்டு செல்கிறோம். பெட்டியில் பழுதே இல்லாமல் இருந்தால் அலைச்சலும் பணமும் வீண். பள்ளியில் ஒலியியல் படித்த பெண், கடைக்குப் போகுமுன் தானே ஆராய்ந்து பார்க்கலாம் அல்லவா? அதற்கான வழியை இங்கே காண்போம்.

தாழ்ந்த ஒலியின் இயல்பு

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கேட்கும். பேஸ் என்று நாம் சொல்லும் தாழ்ந்த ஒலியை மட்டும் எழுப்புவது சப்வூபரின் வேலை. வீட்டுப் பெட்டிகளில் இது பெரும்பாலும் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே அமையும்.

தெருக்கூத்தில் மிருதங்கம் வாசிப்பவரைக் கவனித்திருப்பீர்கள். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில், வாசிக்குமுன் நீரில் பிசைந்த ரவையை அப்புவது வழக்கம். தோலின் எடை கூடுவதால் அதிர்வு மெதுவாகிறது, ஒலி தாழ்கிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், மிருதங்கத்தின் ஒலியை ஆராய்ந்து 1920-லும் 1934-லும் கட்டுரைகள் வெளியிட்டார். சப்வூபரின் கூம்பு அகலமாகவும் கனமாகவும் இருப்பதற்கும் காரணம் இதுவே. தாழ்ந்த ஒலிக்கு, மிகுதியான காற்றை மெதுவாக அசைத்தாக வேண்டும்.

இன்னொரு செய்தி. நமது செவி தாழ்ந்த ஒலிக்கு மந்தமானது. இதனை அமெரிக்க அறிஞர்களான பிளெட்சரும் மன்சனும் 1933-இல் அளந்து காட்டினர். 2003-இல் வெளிவந்த பன்னாட்டு அளவீட்டின்படி, 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் உள்ள ஒலிக்குச் சமமாக 50 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமானால், அது ஏறத்தாழ 78 டெசிபல் இருக்க வேண்டும். ஆகவே ஒலியைக் குறைத்து வைத்தால் முதலில் மறைவது பேஸ்தான். வழக்கமான அளவில் வைத்துக் கேட்ட பிறகே, குறை உண்டா இல்லையா என்று முடிவு செய்க.

வரிசையாகத் தேடுக

ஒலி, பாட்டிலிருந்து புறப்பட்டு, கம்பி வழியே பெட்டிக்கு வந்து, அறையைக் கடந்து, செவியை அடைகிறது. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் மடையிலிருந்து வயல் வரை நடந்து பார்ப்பதுபோல, இந்தப் பாதையில் படிப்படியாகச் செல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால், எதனால் சரியாயிற்று என்று தெரியாது.

1. பாட்டு: மிகப் பழைய ஒலிப்பதிவுகளில் ஆழ்ந்த பேஸ் குறைவு. நன்கு அறிந்த வேறு பாட்டைப் போட்டுப் பாருங்கள். புளூடூத் வழியே கேட்டால், கைப்பேசியின் ஒலியளவையும் பெட்டியின் ஒலியளவையும் தனித்தனியே கவனியுங்கள்.

2. கம்பி: சப்வூபருக்குச் செல்லும் கம்பி உரிய துளையில் இறுகப் பொருந்தியிருக்கிறதா? வேறு கம்பியை மாற்றிப் பாருங்கள்.

3. குமிழ்கள்: சப்வூபருக்கென்று தனி ஒலியளவுக் குமிழ் இருக்கும். வீட்டைப் பெருக்கும்போதோ குழந்தைகள் விளையாடும்போதோ அது திரும்பியிருக்கலாம். அமைப்புப் பட்டியலில் சப்வூபர் "உண்டு" என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

4. திசை: சப்வூபர் காற்றைத் தள்ளும் கணத்தில் மற்ற ஸ்பீக்கர்கள் இழுத்தால், ஒரே வண்டியை இருவர் எதிரெதிரே இழுத்த கதையாகும், இரண்டு ஒலியும் ஒன்றையொன்று அழிக்கும். சிவப்பு, கறுப்பு முனைகள் மாறாமல் இணைந்துள்ளனவா என்று பாருங்கள். சப்வூபரின் பின்புறம் 0, 180 என்று குறித்த பொத்தான் இருந்தால், இரு நிலையிலும் வைத்துக் கேட்டு, பேஸ் மிகுந்திருக்கும் நிலையிலேயே விடுங்கள்.

5. அறை: பலரும் மறப்பது இதைத்தான். நம் ஊர் வெயிலில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். அப்படியானால் 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 மீட்டர். அதில் பாதி 3.5 மீட்டர். 3.5 மீட்டர் நீளமுள்ள அறையில் இந்த அலை நிலையலையாக நிற்கும். சுவரோரம் ஒலி ஓங்கும். நடுவில் ஏறத்தாழ மறையும். நடுவில் நாற்காலி போட்டவருக்குப் பேஸ் கேட்காததில் வியப்பென்ன? இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. சப்வூபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டைப் போடுங்கள். சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். எங்கே பேஸ் நன்றாகக் கேட்கிறதோ, அங்கே சப்வூபரை வையுங்கள்.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் ஒலி எழவில்லையெனில், பெட்டியில்தான் பழுது. ஸ்பீக்கர் வெளியே தனியாகக் கம்பியால் இணையும் வகையானால், மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைக் கழற்றி, மல்டிமீட்டரால் அதன் சுருளை அளக்கலாம். 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 4 ஓம் வரை காட்டும். முள் அசையவே இல்லையென்றால் சுருள் அறுந்துவிட்டது என்று பொருள்.

எச்சரிக்கை

பெருக்கியின் மூடியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே 230 வோல்ட் மின்சாரம் வருகிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அது பயிற்சி பெற்றவரின் வேலை. ஆனால் அவரிடம் போகும்போது, "எதுவோ கெட்டுவிட்டது" என்று சொல்லாமல், "கம்பியும் அமைப்பும் சரியாக உள்ளன; சுருள் நான்கு ஓம் காட்டுகிறது; பெருக்கியைப் பாருங்கள்" என்று நம்மால் சொல்ல முடியும். வேண்டாத பாகத்தை மாற்றி யாரும் பணம் கேட்க இயலாது.

பேஸ் திரும்பியதும் அக்கம்பக்கத்தாரை மறந்துவிடலாகாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்றே வரம்பு வகுத்துள்ளன. தாழ்ந்த ஒலி சுவரையும் எளிதில் கடக்கும்.

"கம்பிப் பக்கம் போகாதே, அது ஆண்பிள்ளை வேலை" என்று சொல்லும் வீடுகள் இன்னும் உண்டு. ஆபத்தான இடம் எது, ஆபத்தில்லாத இடம் எது என்று பகுத்தறிவதே படிப்பின் பயன். அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. இறைவன் தந்த செவியையும் சிந்தனையையும் முதலில் பயன்படுத்துவோம். குமிழைப் பிறகு திருப்புவோம்.