பொன் தீட்டிய ஏடுகள்

இலண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் 1814ஆம் ஆண்டிலேயே நீராவி அச்சு இயந்திரத்தில் அச்சானது. பின்னர் விக்டோரியா அரசியார் காலத்தில் நூல்கள் மலிந்தன. அக்காலத்திலும் சிலர் தமக்குப் பிடித்த பாடலைக் கையால் எழுதி, பொன்னும் வண்ணமும் தீட்டினர். ஒரு பக்கத்திற்கே பல நாள் உழைத்தனர். ஏன்?

ஆர்தர் மன்னர் பிரித்தானியப் பழங்கதைகளின் தலைவர். அவரையும் அவருடைய வட்டமேசை வீரர்களையும் பற்றி டென்னிசன் இயற்றிய கதைப்பாடல்களுள் நான்கு, 1859ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. அவற்றுள் ஒன்று எலைன் என்னும் இளம்பெண்ணின் கதை. லான்சலட் என்னும் வீரன் தன் கேடயத்தை அவளிடம் விட்டுச் செல்கிறான். அவள் அதற்குப் பட்டுறை தைக்கிறாள். கேடயத்தின் சின்னங்களை வண்ண நூலால் அப்படியே பின்னுகிறாள். பிறகு கிளை, மலர், கூட்டிலிருக்கும் பறவைக்குஞ்சு என ஓரத்தைத் தன் கற்பனையால் நிரப்புகிறாள்.

ஏடு தீட்டியோரும் இதையே செய்தனர். பாடல் கவிஞருடையது, ஓரம் அவர்களுடையது.

அவர்கள் முதலில் கோடிட்டுப் பாடலை எழுதினர். முதலெழுத்துக்கு இடம் விட்டனர். அவ்விடத்தில் வெண்சாந்து பூசி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டி, மெருகுக்கல்லால் தேய்த்தனர். இறுதியில் வண்ணம் தீட்டினர். வண்ணத்தை முன்னரே தீட்டினால் ரேக்கு அதிலும் ஒட்டிக்கொள்ளும். தேய்க்கும்போது வண்ணமும் கெடும்.

வில்லியம் மாரிஸ் என்னும் கவிஞர் ஆக்ஸ்போர்டில் பயின்றபோது பழைய கையெழுத்து ஏடுகளைக் கண்டு மகிழ்ந்தார். 1858இல் ஆர்தர் கதை சார்ந்த பாடல்களை வெளியிட்டார். 1870இல் தம் பாடல்களைத் தாமே எழுதி, நண்பர் சிலரின் துணையோடு ஓவியங்களால் அணிசெய்து, தோழி ஒருவருக்குப் பரிசளித்தார். அந்த ஏடு இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அச்சுநூல் எல்லார்க்கும் ஒன்றுபோல் கிடைத்தது. கையால் எழுதிய ஏடோ ஒருவரை நினைத்து, அவருக்கென்றே எழுதப்பட்டது. அந்த அன்பே அத்தனை நாள் உழைப்பிற்குக் காரணம்.

சொற்பொருள்
ரேக்கு – மிக மெல்லிய தகடு
மெருகு – பளபளப்பு
மலிதல் – மிகுதியாதல்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: பட்டுறை, முதலெழுத்து.
2. வண்ணம் தீட்டும் முன்னரே ரேக்கு ஒட்டப்பட்டது ஏன்?
3. எலைனின் செயலும் ஏடு தீட்டியோர் செயலும் எவ்வாறு ஒத்துள்ளன?
4. உனக்குப் பிடித்த குறள் ஒன்றை அழகுற எழுதி, ஓரத்தை உன் கற்பனையால் அணிசெய்க. அதனை ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு அஞ்சலில் அனுப்புக.