கண்டுபிடித்தாரா? வந்து இறங்கினாரா?



போன பரீட்சையில், "டென்மார்க் நாட்டார் தரங்கம்பாடியைக் கண்டுபிடித்தார்கள்" என்று எழுதினேன். சார் அந்த வரியின் கீழே சிவப்புக் கோடு போட்டு, மார்க் தரவில்லை. எனக்கு ஒரே அழுகை. கல்விச் சுற்றுலாவில் தரங்கம்பாடிக்கே போனபோதுதான் என் தப்பு புரிந்தது.

வல்லத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நமக்குப் பாறையும் மலையும்தான். விடியற்காலை வேன் ஏறி, கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாகப் போய் இறங்கினால் கண் முன்னே கடல்! வழிகாட்டி அண்ணா எங்களைக் கரையோரமாகவே நடத்திக் கூட்டிப்போனார். மூன்று இடங்களில் நிறுத்திப் பாடம் சொன்னார்.

1. மாசிலாமணிநாதர் கோயில்: இது 1306-இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டப்பட்டது. இங்குள்ள கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்று உள்ளது. பட்டினம் என்றால் கடற்கரை ஊர். அதாவது டென்மார்க் கப்பல் வருவதற்கு 300 வருஷத்துக்கு முன்பே இங்கே ஊர் இருந்தது, கோயிலும் இருந்தது.

2. டேனிஷ் கோட்டை: ஓவே கெட்டே என்பவர் 1618-இல் கோபன்ஹேகனிலிருந்து கப்பல்களோடு புறப்பட்டார். அப்போது அவருக்கு 24 வயதுகூட நிரம்பவில்லை. முதலில் இலங்கை போய், பிறகு 1620-இல் இங்கே வந்தார். வந்ததும் கோட்டை கட்டிவிடவில்லை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி கேட்டார். அந்த வருஷம் நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. டென்மார்க் அரசருக்கு நாயக்கர் தங்க ஓலையில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. ஊரை 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

3. சீகன்பால்கு நினைவுச்சின்னம்: இவர் 1706 ஜூலை 9 அன்று வந்து இறங்கினார். நம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதித் தமிழ் படித்தார். பிறகு இங்கே அச்சுக்கூடம் வைத்துத் தமிழ்ப் புத்தகம் அச்சடித்தார்.

"அண்ணா, அவங்க காலை வச்ச இடம் சரியா எது?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தண்ணீரைக் காட்டினார். "அந்தக் காலத்துக் கரை இப்போ கடலுக்குள்ளே போயிடுச்சும்மா. கோயிலோட முன்பக்கத்தையே கடல் கொண்டுபோயிடுச்சு பாரு" என்றார். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியும் இந்த ஊரைப் பலமாக அடித்ததாம். கரை இடியாமல் இருக்கக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதன் மேல் ஒரு பாட்டி வலை பின்னிக்கொண்டிருந்தார். இறங்கியவர்கள் போய்விட்டார்கள், இறங்கிய இடமும் போய்விட்டது, ஊர்க்காரர்கள் மட்டும் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நண்பர்களே, நம்ம ஊர்க் கதையையும் யோசியுங்கள். 1597-இல் பிமெண்டா என்ற பாதிரியார் செஞ்சிக்கு வந்து, பார்த்ததை எழுதி வைத்தார். அதனால் செஞ்சியை அவர்தான் கண்டுபிடித்தார் என்று யாராவது சொன்னால் நாம ஒத்துக்குவோமா? சண்டைக்கே போயிடுவோம்!

அடுத்த பரீட்சையில் நான் இப்படித்தான் எழுதுவேன்: "1620-இல் டென்மார்க் நாட்டார் தரங்கம்பாடிக்கு வந்தனர், நாயக்கரிடம் அனுமதி பெற்றுத் தங்கினர்." சார், முழு மார்க் உண்டுதானே?

சிந்திக்க: உங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டில் ஊரின் பழைய பெயர் இருக்கிறதா? பெரியவர்களிடம் கேட்டு வந்து, இதே பலகையில் எழுதுங்கள்.

– எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி