மரக்கிளையில் ஒரு தண்ணீர்த் தொட்டி

அன்னாசியை அறியாதவர் நம்மில் இல்லை. மழை ஓய்ந்த காலையில் ஓர் அன்னாசிச் செடியைக் குனிந்து பாருங்கள். இலைகள் தண்டோடு சேரும் இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். அத்தண்ணீரையும் அதில் கரைந்த பசளையையும் இலையின் அடிப்பகுதியே உறிஞ்சிக்கொள்ளும். அடியிலைகளின் கக்கத்தில் பசளை இடும் கமக்காரர் இதனை அறிவர். இந்தப் பழக்கம் அன்னாசியின் குடும்பப் பழக்கமாகும்.

அன்னாசி தென் அமெரிக்காவில் தோன்றிய பயிர். போர்த்துக்கேயர் வழியாக ஆசியாவுக்கு வந்தது. அது புறோமிலியாட் என்னும் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தில் 3,500க்கும் அதிகமான இனங்கள் உள்ளன. மேற்கு ஆபிரிக்காவில் வளரும் ஓர் இனத்தைத் தவிர, மற்றவை யாவும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. அன்னாசி நிலத்தில் வளர்கிறது. ஆனால் அதன் உறவுகளில் ஏறக்குறைய பாதி மரக்கிளைகளிலேயே வாழ்கின்றன.

குடியிருப்பதும் உறிஞ்சுவதும்

மாமரத்தில் குருவிச்சை பிடித்தால் வெட்டி எறிகிறோம். அது தன் வேரை மரத்தினுள் செலுத்தி நீரை உறிஞ்சுகிறது. புறோமிலியாட் அப்படிச் செய்வதில்லை. அதன் வேர் கிளையைப் பற்றிக்கொள்வதற்கே பெரும்பாலும் பயன்படுகிறது. மழைநீர், விழும் சருகு, பூச்சிகளின் கழிவு என்பனவே அதன் உணவு. இலைகளிலுள்ள நுண்ணிய செதில்கள் இவற்றை உள்ளெடுக்கின்றன. மிகையாகப் பெருகினால் பாரத்தால் கிளை முறியலாம். ஆனால் மரத்தின் சாற்றை அது திருடுவதில்லை. இதை அறியாமல், மெக்சிக்கோவின் கோப்பித் தோட்டங்களில் நிழல் மரங்களிலிருந்து இவற்றைச் சுரண்டி எறியும் வழக்கம் உண்டு.

பிறர் காணியில் கொட்டில் போட்டு இருந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஒதுங்க இடம் கேட்பது வேறு, இடம் தந்தவரின் சோற்றைப் பறிப்பது வேறு என்பது எமக்கு நன்கு விளங்கும்.

தொட்டிக்குள் வாழ்வோர்

பெரிய செடிகளில் பல லீற்றர் தண்ணீர் நிற்கும். அதை நம்பிப் பல உயிர்கள் வாழ்கின்றன. கொஸ்தாரிக்காவில் ஒரு சிறு சிவப்புத் தவளை தன் வாற்பேத்தைகளை முதுகில் சுமந்து சென்று, இத்தகைய இலைக்கக்கங்களில் ஒவ்வொன்றாக விடுகிறது. பின்பு திரும்பி வந்து, கருக்கட்டாத முட்டைகளை இட்டு அவற்றுக்கு உணவூட்டுகிறது.

ஜமெய்க்காவின் சுண்ணக்கல் மலைகளில், யாழ்ப்பாணத்தைப் போலவே, மழைநீர் நிலத்தினுள் இறங்கிவிடும். அங்கு ஒரு சிறு நண்டு இச்செடியின் தண்ணீரிலேயே குஞ்சுகளை வளர்க்கிறது. தாய் நண்டு சருகுகளை அகற்றித் தண்ணீரைச் சுத்தமாக்கும். நத்தை ஓடுகளைக் கொண்டுவந்து போடும். அதனால் தண்ணீரின் புளிப்புத் தன்மை குறையும். குஞ்சுகளின் ஓடு வளரச் சுண்ணமும் கிடைக்கும்.

நுளம்பின் பாடம்

திரினிடாட் தீவில் கொக்கோவுக்கு நிழல் தர, முள்முருக்கின் உறவான ஒரு மரத்தை நட்டனர். அம்மரங்களில் புறோமிலியாட்டுகள் செறிந்து வளர்ந்தன. அவற்றின் தண்ணீரில் மலேரியாவைப் பரப்பும் ஒருவகை நுளம்பு பெருகியது. 1940களில் மயில்துத்தக் கரைசல் தெளித்தும் கையால் பிடுங்கியும் செடிகளை அழித்தனர். தெற்குப் பிறேசிலிலோ ஊர்களைச் சுற்றியிருந்த காடுகளையே வெட்டினர். செடி புதியதன்று. அது செறிந்து வளரும் தோப்பை மனிதர் தம் வீட்டருகே உண்டாக்கியதே புதியது. காட்டில் உயிர்காக்கும் தண்ணீர், வீட்டருகே கவனிப்பாரற்றுத் தேங்கினால் நோய் தரும்.

காப்பது எப்படி?

இச்செடிகள் மெதுவாக வளர்பவை. பல இனங்கள் விதையிலிருந்து பூக்கப் பல வருடங்கள் எடுக்கும். பெரும்பாலானவை வாழையைப் போல ஒருமுறை பூத்து, குட்டிகளை விட்டு மடியும். மரம் விழுந்தால், நிழலும் ஈரமும் நிறைந்த தரையில் பெரும்பாலானவை அழுகிவிடும். அவற்றோடு தவளைக்கும் நண்டுக்கும் வீடு இல்லாமற் போகும்.

அழகுக்காகப் பிடுங்கி விற்பதும் ஓர் ஆபத்து. குவாத்தமாலாவில் வளரும் ஓர் இனம் காட்டிலிருந்து அளவுக்கு மீறி எடுக்கப்பட்டது. எனவே 1992இல் அதன் சர்வதேச வணிகம் கட்டுப்படுத்தப்பட்டது. பின்னர் நாற்றுமேடைகளில் வளர்த்து ஏற்றுமதி செய்கின்றனர். மெக்சிக்கோவில், கிளையோடு முறிந்து விழுந்தவற்றை மட்டும் பொறுக்கி விற்கும் முறையும் உண்டு. விழுந்ததை எடுப்பதால் காடும் கெடாது, கைக்கும் காசு வரும்.

குழுவாக இருந்து சிந்திக்க

1. நம் மரங்களில் வளர்பவற்றில் எவை உறிஞ்சுபவை, எவை வெறுமனே குடியிருப்பவை? வெட்டுமுன் வேரைப் பார்த்தோமா?
2. நம் வளவில் மழைநீரைப் பயனுள்ள வகையில் எங்கே தேக்கலாம்? நுளம்புக்கு இடம் தரும் நீர் எங்கே நிற்கிறது?
3. காட்டிலிருந்து நாம் எடுப்பவற்றில், நாற்று வைத்து நாமே வளர்க்கக்கூடியவை எவை?